கோட்டுக்கு இருபது அடி முன்னால்

எங்கள் வீட்டில் காமிரா வாங்கிய முதல் ஆள் நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோவுக்குச் சாமான் பொருத்தும் கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸ் வந்ததும் அம்மா தோடு என்றாள், நான் காமிரா என்றேன். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்ட பெரியப்பாவைத்தான் முதலில் படம் எடுத்தேன். மறுபேச்சில்லாமல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். காமிராவை உறையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டாலே அவன் பாக்கெட்டிலிருந்து சீப்பு வெளியே வந்துவிடும். போட்டோ பைத்தியம் என்றுதான் அவனைக் கிண்டல் செய்வேன். அவனுடைய இன்னொரு பைத்தியம் சைக்கிள்.

அந்த வருஷம் பூந்தமல்லியில் சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். சாதாரண சைக்கிள்காரர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. முதல் மூன்று பேருக்குச் சான்றிதழ். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். அண்ணனுக்கு வயது வரம்பு முடிய சில மாதங்கள்தான் பாக்கி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் தினக்கூலியாகக் கிடந்தவனுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. முந்தின நாளே மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் போட்டுவிட்டான். வண்டி மொட்டையடித்த மாதிரி நின்றது.

பூந்தமல்லியில் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்த் திரும்பி, வேலப்பன்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிற ரேஸ். தார் ரோட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். பாதி ரோட்டில் ரேஸ், மறுபாதியில் லாரியும் பஸ்ஸும். இன்றைக்கு அங்கே ரோட்டைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும்போலிருக்கிறது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், இருபுறமும் வயல் பச்சையாக இருக்க, கோட்டுக்கு இருபது அடி முன்னால் ரோட்டோரமாக நின்றேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஓடுகிற வண்டியைப் படம் எடுக்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரேஸ் சைக்கிள்காரர்கள் முதலில் வந்தார்கள். பட்டனை அமுக்குவதற்குள் போயே போய்விட்டார்கள். பிறகு பிலிம் ரோலைக் கழுவி வாங்கியபோது ஒரு படத்தில் பின்சக்கரம் மட்டும் இருந்தது. இன்னொன்றில் எதிர்ப்பக்கம் டீ கிளாஸோடு நின்ற ஒருத்தர், நல்ல தெளிவாக விழுந்திருந்தார். கடைசி மூன்று படத்தை அண்ணனுக்கென்று மிச்சம் வைத்திருந்தேன்.

வந்தான். இரண்டு பேர் முன்னால் போக, மூன்றாவது அவன். ஒரு சக்கர தூரத்தில் நீல பனியன் போட்ட ஒருத்தன் துரத்திக்கொண்டிருந்தான். அண்ணன் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்திருந்ததில் உச்சந்தலைதான் தெரிந்தது. மூஞ்சி இல்லாத போட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரோட்டில் ஓரடி இறங்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ண்ணா! இங்க பாரு ண்ணா!"

பார்த்தான். தலையைத் தூக்கி, உடம்பை நிமிர்த்தி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பல் தெரியச் சிரித்தான். அமுக்கினேன். அதற்குள் நீல பனியன் அவனைத் தாண்டிக் கோட்டைத் தொட்டுவிட்டான். அண்ணன் நான்காவது.

"செயின் நழுவிட்ச்சிமா" என்றான் அம்மாவிடம். நான் காமிராவை உறைக்குள் போட்டு மூடினேன். ரோல் கழுவி வந்தபோது, நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அம்மா ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். பாதிப் பழியை அவன் தலையில் கட்டிவிட்டேன். போட்டோ பைத்தியம், போஸ் கொடுக்கப் போய் எல்லாவற்றையும் தொலைத்தான் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

சில வருஷம் கழித்து, அதே பிரஸ் ஷாப் சம்பளத்திலேயே அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. புதிதாக வந்த அண்ணி படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தினியாவதா வந்தீங்க?" என்று கேட்டார்.

"இந்தப் படத்துல மூணாவது" என்றான். அண்ணி பெருமையாக உள்ளே போனார்.

எனக்குத் தாங்கவில்லை. "நான் கத்துனா இன்னா? கோடு எதுக்க கீது, நேரா போவ வேண்டியதுதானே? அந்த நேரத்துல போஸ் கேக்குதா உனக்கு?" என்று பொரிந்து தள்ளினேன்.

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "போஸா? நீ கத்துன கத்துல, லாரி கீரி உன்ன அட்ச்சிட்ச்சின்னு நெனச்சேன் பாப்பா. திரும்பிப் பாத்தா, காமிராவ வச்சிகினு குத்துக்கல்லாட்டம் நிக்கிற. போன உசுரு வந்திச்சு. சிரிச்சிட்டேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் பதறிப்போய், தண்ணி கொண்டா என்று அண்ணியைக் கூப்பிட்டான்.