மூன்று மோட்டார் ராக்கெட்

என் அக்காவுக்குப் பல் செட் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதற்கேற்ற பற்களை வரிசையாகப் பதித்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவாள். யார் சிரித்தாலும் அவள் கண் முதலில் பல்வரிசைக்குத்தான் போகும். இதனாலேயே சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவள் எதிரில் வாயைத் திறப்பதில்லை. நல்லதுதான், எனக்கும் அவர்கள் பேச்சு பிடிக்காது.

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு ராக்கெட் பித்து பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனவள், பள்ளி மைதானத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் அட்டைக்குழாயில் செய்த ராக்கெட்டை மேலே விடுவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குப் பால் வரவில்லை. மாமா பாலில்லாத காப்பியைக் குடித்துவிட்டு, "இனிமே இப்படித்தான் போல" என்றார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று.

அந்த இருவரில் ஒருவர் மருந்துக்கடைக்காரர். இருமலுக்கு மருந்து வாங்கப் போனவர்களுக்கும் ராக்கெட் செய்தி சொல்லாமல் அனுப்பமாட்டார். இன்னொருவர் பஸ் டிரைவர். அக்கா மூன்றாவது ஆள். நான்காவதாக நான் சேர்ந்தேன். விழுந்த ராக்கெட்டைத் தேடிப் பொறுக்கி வருவது என் வேலை.

அதுவரை எங்கள் ராக்கெட் எல்லாமே ஒரே மோட்டார், அதாவது வெடிமருந்து அடைத்த ஒரே குழாய், வைத்தவை. மூன்று மோட்டார்களைச் சேர்த்துக் கட்டிய புது கிட் வரப்போகிறது என்று ஒரு கம்பெனி அறிவித்ததும் எங்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் வரும் என்றார்கள். அப்புறம், பள்ளி திறந்ததும் என்றார்கள். கடைசியில் 'விரைவில்' என்று போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்கள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டாலே மருந்துக்கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சும்மா இருப்பாளா? படத்தில் கொடுத்த அளவுக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து பல் செட்டுகளுக்கு நடுவே நிறுத்திவைத்தாள். டிரைவர் வந்து அதைப் பார்த்தபடி நிற்பார்.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்காதீங்கண்ணே, உக்காருங்க" என்பாள் அக்கா.

இதற்கிடையில் எங்கள் ராக்கெட் ஒன்று பள்ளிக் கூரையில் விழுந்து தொலைத்தது. தலைமையாசிரியை எங்கள் நால்வரையும் வரிசையாக நிற்கவைத்து, "இன்னொரு தடவை கட்டடத்து மேல ஏதாவது விழுந்துச்சு, கேட்டைப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் மின்கம்பி குறுக்கே போகாத வெட்டவெளி அது ஒன்றுதான். அதுவும் போனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவுதான்.

ஒருவழியாக கிட் வந்தது. அக்கா ஒட்டினாள், காயவைத்தாள், வயர் கட்டினாள். வயர் எப்போதும் அவள் பொறுப்பு. ராக்கெட்டை விடும் அன்று தலைமையாசிரியையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பட்டனை அமுக்கினால் வயர் வழியாகக் கரண்ட் அனுப்பி மோட்டாரைப் பற்றவைக்கும் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. மோட்டாருக்குப் போகும் வயர் சரியாகச் சேர்ந்திருந்தால் அது எரியும். எரிந்தது. மருந்துக்கடைக்காரர் பட்டனை அமுக்கினார்.

மூன்றில் இரண்டுதான் பற்றியது. ராக்கெட் ஓர் ஆள் உயரம் எழும்பி, பற்றாத பக்கமாகச் சாய்ந்து, நேரே போய் ஒரு வகுப்பறை ஜன்னலை உடைத்தது. விடுமுறை நாள், உள்ளே யாரும் இல்லை.

கிளம்பிய இடத்தில் வயர்களைப் பார்த்த அக்காவின் முகம் வெளுத்துப்போனது. மூன்றாவது மோட்டாரில் வயரை மாட்டும் கிளிப் எப்போதோ நழுவி மண்ணில் கிடந்திருக்கிறது. ஒரு மோட்டார் பழக்கத்தில் விளக்கை நம்பிவிட்டாள். மூன்றைச் சேர்த்துக் கட்டினால், அதில் ஒன்று சரியாக இருந்தாலே விளக்கு எரியும். ஒவ்வொன்றாகச் சோதித்திருக்க வேண்டும்.

அதற்குள் மருந்துக்கடைக்காரர் தலைமையாசிரியையிடம் ஓடிப்போய், "கம்பெனி சாமானே கோளாறு மேடம்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவும் இளகிவிட்டார். "புதுசுதானே? கம்பெனி கோளாறுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. கண்ணாடிய மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அக்கா வாயைத் திறந்தாள்.

"கம்பெனி மேல தப்பில்ல மேடம். கிளிப் கழண்டிருக்கு, நான் பாக்கல. என் தப்புதான்."

கேட் பூட்டப்பட்டது.

திரும்பும் வழியில் நான் கத்தினேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"சும்மா இருந்திருந்தா அடுத்ததையும் இப்படியேதான்டா கட்டுவோம். அது யார் மேல போய் விழும்?"

அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. மருந்துக்கடைக்காரருக்கு என்னைவிடக் கோபம். அக்காவோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். தலைவலி மாத்திரைக்கு அவள் வேறு கடைக்கு நடந்தாள். அது அவளை ரொம்ப வாட்டியது. முன்னறை மேஜையில் பல் செட்டுகள் மட்டும் இருந்தன.

பல மாதம் கழித்து, டிரைவர் தன் பஸ் கடைசியாகப் போய்த் திரும்பும் ஊருக்கு அப்பால், கல் குவாரிக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருப்பதைக் கண்டுபிடித்தார். மருந்துக்கடைக்காரர் அதே கிட்டில் இன்னொன்றை வாங்கி வைத்திருந்தார். எங்களைக் கூப்பிட்டது டிரைவர்தான். அக்கா வந்தாள், ஆனால் கிட்டே போகாமல் பாறை ஓரமாக நின்றுகொண்டாள். மருந்துக்கடைக்காரர் தானே வயர் கட்டினார். விளக்கு எரிந்தது. பட்டன் மேல் விரலை வைத்தவர் எடுத்துவிட்டார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் நடந்து போனார்.

"வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"நீங்க கட்டினது சரியாத்தான் இருக்கும்."

"இருக்கலாம். நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

அக்கா மண்ணில் முட்டி போட்டாள். ஒரு கிளிப்பை மட்டும் மாட்டி விளக்கைப் பார்த்தாள், கழற்றினாள், அடுத்ததை மாட்டினாள். கடைசியில் மூன்றையும் மாட்டிவிட்டு எங்கள் பக்கம் நடந்து வந்தாள்.

"மூணும் சரி" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் விளக்கைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தபடி அமுக்கினார்.