மச்சாடோ வண்டியின் காய்ச்சல்

மில்லர்புரம் அமலன் மச்சாடோவுக்கு இவ்வுலகில் ஒரே ஒரு எதிரி: துரு. சரக்குக் கப்பல்களில் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர். நடைமுறையில், துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வைப்பவர். ஓய்வுக்குப் பின் ஆட்கள் போய்விட்டார்கள், பெயிண்ட் மிஞ்சியது. கேட், தண்ணீர்த் தொட்டி மூடி, கிணற்று ராட்டினம், கேட்காமலே பக்கத்து வீட்டு கேட் என்று எதையும் உப்புக்காற்று தொடுமுன் அவர் தொட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சீமையில் பிறந்தது, அவரைவிடச் சற்றே இளையது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடம்கூட ஏறாது. அக்கு அக்காகக் கழற்றி, கண்ணுக்குத் தெரிந்த இரும்புக்கும் தெரியாத இரும்புக்கும் மூன்று கோட்டிங் அடித்து மாட்டினார்.

வண்டி ஓடியது. ஆனால் ஊரைத் தாண்டுவதற்குள் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் எழுந்து சிவப்புக் கோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். மச்சாடோ உடனே ஓரங்கட்டுவார். அதிகாரி சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாதவர். முள்ளும் அவருக்கு ஓர் அதிகாரி.

அவர் ஓரங்கட்டும்போதெல்லாம் குடையோடு சாலையில் நின்றவர் மனைவி ஈவாஞ்சலின், ஓய்வு பெற்ற நர்ஸ். ஒருநாள் சொல்லிவிட்டார்: “இந்தா பாருங்க, மணப்பாட்டுத் திருவிழாவுக்கு இது என்னைய நடுவழியில நிறுத்தாமக் கொண்டு விடணும். இல்லன்னா மறுநாளே வித்துருவேன்.” வண்டி ஈவாஞ்சலின் பெயரில் இருந்தது. எனவே இதை மிரட்டல் என்று சொல்ல முடியாது, அறிவிப்பு.

மெக்கானிக் வேல்ராஜ் ரேடியேட்டரைக் கழுவினான், சென்சாரை மாற்றினான், கடைசியில் கேஜையே மாற்றினான். புது முள்ளும் பழைய இடத்திலேயே போய்ப் படுத்தது.

“அண்ணாச்சி, பேசாம முள்ளக் கழட்டிப் போட்டுருவோமா? காட்டுனாத்தான பயம்.”

“ஏலே, துறைமுகத்துல புயல் கூண்ட இறக்கிட்டா புயல் போயிருமா?”

“கூண்டு ஏத்துன அன்னைக்கெல்லாம் புயல் வந்துச்சா, அண்ணாச்சி?”

ஈவாஞ்சலின் ரேடியேட்டர் குழாய் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். “இதுக்குக் காய்ச்சல் இல்ல. தெர்மாமீட்டருக்குத்தான் காய்ச்சல்.” ஆனால் இரண்டு தெர்மாமீட்டருக்கு அடுத்தடுத்து எப்படிக் காய்ச்சல் வரும்? யாருக்கும் விளங்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் இருவரும் வெள்ளோட்டம் போனார்கள், முள் சிவப்பில் படுத்த இடமெல்லாம் ஓரங்கட்டி ஆறவிட்டு. பழையகாயல் உப்பளங்களின் நடுவே வண்டி இருமியது, விக்கியது, நின்றது. போன் போட்டதும் வேல்ராஜ் பைக்கில் வந்தான்.

“பெட்ரோல் இருக்கா?”

“முள்ளப் பாருலே. கால் டேங்க் நிக்குது. என் கையில பெட்ரோல் மெதுவாத்தான் இறங்கும். ஓட்டுத கை அப்படி.”

வேல்ராஜ் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டிக் காது கொடுத்தான். “அண்ணாச்சி, டேங்குல காத்துதான் இருக்கு.”

ஓட்டுகிற கை மெல்ல ஸ்டியரிங்கை விட்டது. ஈவாஞ்சலின் குடையை மடக்கினார்.

“வார்டுல ஒருத்தனுக்கு வயித்துப்போக்குன்னா அவன் தின்னதக் கேப்போம். பக்கத்துக் கட்டிலுக்கும் வந்தா, குடிக்கித தண்ணியப் பாப்போம். சூட்டு முள்ளு, பெட்ரோல் முள்ளு ரெண்டும் கூட்டித்தான் சொல்லுது. இதுக எங்கன தண்ணி குடிக்கி, வேல்ராசு?”

வேல்ராஜ் தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். பேட்டரியின் கரண்டைக் குறைத்து இரண்டு முள்ளுக்கும் அளந்து கொடுக்கும் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று அங்கே இருந்தது. அதன் முதுகு வெறும் இரும்பைத் தொட்டால்தான் அது அளக்கும். இங்கே டப்பாவுக்கும் இரும்புக்கும் நடுவே, திருகுத் துளை உட்பட, பளபளவென்று மூன்று கோட்டிங் சில்வர். அளப்பாரில்லாமல் முழுக் கரண்டையும் குடித்து இரண்டு முள்ளும் உளறிக்கொண்டிருந்தன. பயமுறுத்திய பொய்யை விசாரித்த மச்சாடோ, புகழ்ந்த பொய்யை விசாரிக்கவில்லை.

“இங்கன யாரு அண்ணாச்சி பெயிண்ட் அடிச்சது?”

வேல்ராஜ் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தான்.

கத்தியை மச்சாடோவே வாங்கினார். “எவ்வளவு சுரண்டணும்?”

“அஞ்சு ரூவாத் துட்டு அளவு.”

“இந்த உப்புக்காத்துல வெறும் இரும்பாவா விடச் சொல்லுத? மேல லேசா ஒரு கோட்டிங்...”

“அண்ணாச்சி!”

“துரு பிடிச்சா வண்டி பத்து வருசத்துல போவும்,” என்றார் ஈவாஞ்சலின். “பெயிண்ட் அடிச்சா அடுத்த வாரமே போவும். எது வேணும்?”

மச்சாடோ சிலுவை போட்டுக்கொண்டு சுரண்டினார். வேல்ராஜ் பைக்கில் போய்க் கேனில் வாங்கி வந்த பெட்ரோலை ஊற்றிக் கிளப்பினார்கள். நெடுநேரம் ஓடவிட்டும் சூட்டு முள் நடுவில் நின்றது. பெட்ரோல் முள் அடியில் ஒட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னது.

திருவிழாவன்று மணப்பாட்டு மணல்மேட்டின் கீழ் வண்டி நின்றபோது ஈவாஞ்சலினின் அண்ணன் மனைவி ஓடி வந்தார். “ஏளா ஈவா, மறுபடி நின்னு போச்சாக்கும்? தள்ளுததுக்கு ஆள் கூப்பிடவா?”

“நின்னு போவல, மயினி. நாங்கதான் நிறுத்தியிருக்கோம்.”

“அப்ப, விக்கப்போறேன்னியே?”

“யாரு, நானா?” என்றார் ஈவாஞ்சலின்.