ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள்

எங்கள் கல்லூரியை மூடிவிட்டார்கள் என்ற செய்தியை எங்களுக்குச் சொன்னவர் முதல்வர் இல்லை, தாளாளரும் இல்லை. கல்லூரிப் பேருந்தின் டிரைவர். அமரவிளையில் வழக்கமான இடத்தில் பையும் டிபன் பாக்ஸுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"மக்கா, இன்னைக்கு வண்டி வராது கேட்டியா. நாளைக்கும் வராது. கேட்டைப் பூட்டிட்டு எல்லாரும் போயாச்சு. வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ."

மாதக்கணக்கில் சம்பளம் வாங்காத மனிதர். எங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கடமை உள்ளவர்களின் போன்கள் எல்லாம் அணைந்து கிடந்தன. அன்று காலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற பிள்ளைகளை அவர்தான் ஒவ்வொருவராக அழைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

நான் அப்போது பிசியோதெரபி கடைசி வருடம். எல்லையில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறை நாங்கள் செய்திருந்தோம். எங்களுக்கு எல்லை என்பது பேருந்து கொஞ்சம் மெதுவாகப் போகும் இடம், அவ்வளவுதான். வீடு இந்தப் பக்கம் கேரளத்தில், அத்தை வீடு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில். மீன் இங்கே, துணிமணி அங்கே. அதே நினைப்பில் கல்லூரியையும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டோம். எந்த மாநிலம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. கல்லூரியை மூடிய பிறகு இந்தப் பக்கத்து அலுவலகத்தில், உங்கள் கல்லூரி தமிழ்நாட்டில் அல்லவா என்றார்கள். அந்தப் பக்கத்து அலுவலகத்தில், நீங்கள் கேரளத்துப் பிள்ளைகள் அல்லவா என்றார்கள். இரண்டு இடத்திலும் உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

சிலர் அத்தோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி நெய்யாற்றின்கரையில் துணிக்கடையில் வேலைக்குப் போனாள். எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவள் அவள். இப்போதும் அந்தக் கடைக்குள் நுழைந்தால் என் தோளை அமுக்கிப் பார்த்து, "இறுகி இருக்கு, கவனிக்கல்லியா?" என்பாள். சிலருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் இந்தக் கோபத்தை மறைக்க எனக்கு மனமில்லை.

அலைந்து திரிந்த பிறகு, அந்தப் பக்கமே இருந்த இன்னொரு கல்லூரி எங்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கே வரும் நோயாளிகள் அங்கே படிப்பவர்களுக்கே போதவில்லை. அதனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சில வாரங்கள் விடாமல் சிகிச்சை கொடுத்த ஒரு நோயாளியைச் செய்முறைத் தேர்வு நாளில் நாங்களே அழைத்து வர வேண்டும். நோயாளி வராவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் படிக்க வைக்க எங்கள் வீட்டில் வழி இல்லை. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

எங்கள் சபையின் போதகர் வேதக்கோயிலுக்குப் பக்கத்து ஹாலைத் திறந்துவிட்டார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பாய் விரித்தோம். புதிய கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியை வந்து மேற்பார்ப்பதாகவும் ஏற்பாடு ஆயிற்று. திங்கள் முதல் வெள்ளி வரை காலை நேரம் என்று நான் பெருமையாக முடிவு செய்தேன். முதல் வாரம் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

என்னோடு படித்த பொழியூர்க்காரிதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள். அவள் அப்பாவுக்கு மீன்பிடிக்கும் எஞ்சின் வள்ளத்தில் வேலை. கடல் ஏறி வந்து வீட்டு முற்றத்தைத் தின்றபின் வாடகை வீட்டில் இருந்தார்கள். தோள் இறுகிப்போய் வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாத அவரை நான் பார்ப்பதாகப் பேச்சு.

"பிள்ளே, எங்க ஆளுகளுக்குத் திங்களும் செவ்வாயும் கடல்லயாக்கும். கடலுக்குப் போகாத நாளு ஞாயிறு மட்டும்தான் உண்டு. நீ அதை விட்டுட்டுப் பாக்கி எல்லாம் வச்சிருக்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. காரணம் நான் வளர்ந்த வீடு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணி தேய்க்க மாட்டார்கள். மீன் குழம்பைச் சனிக்கிழமையே வைத்துவிடுவார்கள். அப்படி இருக்க, கோயில் வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போட்டு வேலை செய்வதா? விஷயம் சபைக் கமிட்டிக்குப் போயிற்று. ஓய்வுநாளில் ஒருவனைக் கையை நீட்டச் சொல்லி ஆண்டவர் குணமாக்கிய வேதக் கதையை ஞாயிறு பள்ளியில் அவர்கள்தான் எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கும் அது ஞாபகத்தில் வரவில்லை. எல்லாரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் பெண்கள் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் ஆராதனை நேரத்தில் பேசியதற்காக என் காதைத் திருகியவர்.

கமிட்டி முடிவு சொல்லாமல் இழுத்தது. போதகர் மட்டும், "ஒரு ஞாயிறு நடக்கட்டு, பிறகு பாப்போம்" என்றார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது பொழியூரிலிருந்து ஒரு டெம்போ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் பழைய பேருந்து டிரைவர். கல்லூரி போன பிறகு கடற்கரையிலிருந்து பாறசாலை சந்தைக்கு மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கழுவினாலும் போகாத வாடையோடு, தோள் நோவும் இடுப்பு நோவுமாக ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அவர்களும் காலையில் தங்கள் கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலி கண்டுவிட்டு, சலவை வேட்டி சட்டையில்தான் வந்திருந்தார்கள். எங்கள் ஆராதனைக்கு வந்த வெள்ளைச் சேலைகள் வாசலில் நின்று பார்த்தன. இறங்கியவர்கள் ஹாலுக்குள் வராமல் வண்டியை ஒட்டியே நின்றார்கள்.

அப்போது செயலாளர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேதப்புத்தகத்தை ஜன்னல் திண்டில் வைத்தார். நேரே போய் முதல் பெஞ்சில் படுத்தார்.

"எனக்கு முட்டுல நோவு உண்டு. யாரு பாக்கியது?"

பொழியூர்க்காரிதான் முன்னால் போய் அவர் முழங்காலில் கை வைத்தாள். அவர் கூரையைப் பார்த்தபடியே, வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "நானும் ஒரு வாரமாட்டு யோசிச்சேன். நோவு ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கல்ல."

பிறகு கமிட்டி கூடவே இல்லை. ஞாயிறுதோறும் ஹால் நிறைந்தது. செயலாளர் அம்மா பொழியூர்க்காரியின் நிரந்தர நோயாளி ஆனார். போகப்போக இரண்டு பேரும் மீன் விலை பேசும் அளவுக்கு வந்துவிட்டார்கள். என் நோயாளி, பொழியூர்க்காரியின் அப்பா, சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றுவார். விரல் எட்டும் இடத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். செயலாளர் அம்மா பார்த்தும் பார்க்காதது போலப் போனார். கோடு வாரத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே போயிற்று. அந்த மாதங்களில் எனக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சுவரில்தான் இருந்தது.

தேர்வு ஒரு வேலை நாளில் வந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் கடலுக்குப் போகக்கூடாது என்று எச்சரிக்கை. பொழியூரில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. தேர்வன்று விடியும்போது கடல் தெளிந்துவிட்டது. தேர்வுக் கூடத்துக்கு வெளியே நான் வெள்ளைக் கோட்டுடன் நின்றிருந்தேன். பொழியூர்க்காரி கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"அப்பா விடியக்காலமே வள்ளத்துல போயாச்சு. எனக்கு உன் முகத்துல முழிக்கப் பற்றல்ல."

அந்த மனிதர் மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. ஒரு வாரமாக உலை கொதிக்காத வீட்டில் கடல் திறந்த நாளில் யார்தான் போகாமல் இருப்பார்? ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். செயலாளர் அம்மா தன் முறைக்கு எழுந்தவர், என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கூப்பிட இன்னும் ஒருவர்தான் பாக்கி இருக்கும்போது போன் அடித்தது.

"மக்கா," என்றார் டிரைவர். "வண்டி வந்தாச்சு. கேட்டுக்கு வா."

மீன் பெட்டிகளோடு டெம்போ நின்றது. முன் இருக்கையிலிருந்து என் நோயாளி இறங்கினார். முழங்கால் வரை நனைந்த கைலி, தாடியில் உப்பு. வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து வள்ளம் ஒன்று சீக்கிரம் கரைக்குத் திரும்பியிருக்கிறது. அதில் தாவி ஏறி வந்துவிட்டார். நான் அழ ஆரம்பித்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"வாறேன்னு செல்லியிருந்தேன் இல்லியா," என்றார். "நட."

உள்ளே தேர்வாளர் மீன் வாடைக்கு ஒரு கணம் தலை நிமிர்ந்தார். கேள்விகள் கேட்டார், நான் சொன்னேன். பிறகு என் நோயாளியைக் கையைத் தூக்கச் சொன்னார். காதுக்கு மேல் போகாமல் இருந்த அந்தக் கை மெல்ல எழுந்து, காதைத் தாண்டி, நேராக நின்றது. தேர்வாளர் அளந்து பார்த்துத் தலையசைத்தார்.

"போதும். இறக்கிடுங்க."

கை இறங்கவில்லை. அவர் என் வார்த்தைக்குக் காத்திருப்பவர் போல என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்க டாக்டர் செல்லட்டு," என்றார்.