மகிமாவின் கல்லில் வளர்ந்த லைக்கன்

தங்கபுஷ்பம் டீச்சர் பாறையைக் கண்டால் போதும், லென்ஸும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பாசிபோல் கல்லில் ஒட்டி வளரும் லைக்கன்களை இனம் பிரிப்பதில் அப்படியொரு பைத்தியம். "கடையில மூட்டை மூட்டையா கல்பாசி கீது, அத்தப் பார்க்க மாட்டா," என்று கல்மண்டபம் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் கணவர் லூர்து கிண்டல் செய்வார். கல்பாசியும் லைக்கன்தான், அதனால் டீச்சரால் மறுத்துப் பேச முடியாது.

ஆலைப் புகை நிறைந்த இந்தப் பக்கத்துக் காற்றில் லைக்கன் தேடுவது வீண்வேலை. புகை பட்டால் முதலில் சாவது அதுதான். அவர்களுடைய ஒரே மகள் மகிமாவும் இதே காற்றை இழுத்து இழுத்து மூச்சுவிட்டு, ஒன்பது வயதில் கண்ணை மூடினாள்.

நாலு வருடம் கழித்து அவள் கல்லறைக் கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. பிள்ளையை வாழவிடாத காற்று இதை வாழவிட்டிருக்கிறதே என்று டீச்சருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் போய் ஸ்கேல் வைத்து அளந்தார். பதினோரு வருடத்தில் அது சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது. நடுவில் ஊசி குத்தியதுபோல் கறுப்புக் குழிகள்.

பெயர் மட்டும் தெரியவில்லை. இரண்டு இனங்களில் ஒன்று. பிளீச்சிங் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சிவந்தால் டிப்ளோஸ்கிஸ்டஸ், சிவக்காவிட்டால் மற்றது. எத்தனையோ பாறைகளில் யோசிக்காமல் விட்ட சொட்டை இங்கே விட மனம் வரவில்லை. மகள்மேல் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதைப் பொசுக்கிப் பெயர் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். மகிமாவின் கல்லை டீச்சரே, அந்தப் பொட்டில் படாமல், ஈரத்துணியால் சுற்றிலும் துடைப்பார். லூர்துவிடம் காரணம் சொன்னதில்லை. மகளைப் புதைத்த பிறகு கல்லறைப் பக்கமே போகாத மனுஷர் அவர்.

இந்த வருடம் டீச்சருக்குக் காய்ச்சல். "நீ படு புஷ்பம், நான் போறேன்," என்று கிளம்பிய லூர்து மத்தியானம் திரும்பினார். விரலெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"ஒரு எடத்துல பாசி புடிச்சிக்கினு இருந்துச்சு, தேச்சா போவல. பிளீச்சிங் பவுடரக் கரைச்சி ஊத்துனேன். ரத்தம் மாதிரி செவந்துச்சு, பயந்துட்டேன். அப்பால கம்பி பிரஷ்ஷு போட்டு எடுத்துட்டேன். இப்ப பளபளன்னு கீது."

சிவந்ததா. அப்படியென்றால் டிப்ளோஸ்கிஸ்டஸ். கேட்காமலே பெயர் வந்து நின்றது.

லூர்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "பதினஞ்சு வருஷமா எம்பொண்ணுக்கு நான் ஒண்ணுமே செய்யல. இனிமே வருஷா வருஷம் நானே போய்த் தேய்க்கிறேன், இன்னா?"

டீச்சர் அந்த வெந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க," என்றார்.