பூமி ஆடினால் எந்தப் பக்கம் ஓடுவது

போன வாரம் மந்தைவெளியில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில், தலைக்கு மேல் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. காஸ் அடுப்பை அணைத்தேன், வாசல் கதவை விரியத் திறந்தேன், மேசைக்கு அடியில் பாய்ந்தேன். வடகிழக்கு ஜப்பானில் கால் நூற்றாண்டு வாழ்ந்த உடம்பு, மூளையைக் கேட்காமலே செய்துவிடுகிற வேலை இது. அக்கா புளி கரைத்த கையோடு குனிந்து பார்த்தாள்.

"சீனு, கீழ மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டறாடா. தெனமும் இப்படித்தான். வெளில வா. மேசை பழசு, நீ இடிச்சாத்தான் விழும்."

இதில் வேடிக்கை, நிஜப் பூகம்பம் வந்த அன்று நான் அங்கே அசல் மயிலாப்பூர்க்காரனாக நடந்துகொண்டதுதான். தெருவுக்கு ஓடினேன். சென்னையில் லேசாக ஆடினால் எல்லோரும் இறங்கிப் போய், அதே கட்டடத்தின் நிழலில் நின்றுகொண்டு "உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று விசாரித்துக்கொள்வோமே, அந்த வழக்கம். அங்கே கூரை ஓடுகள் சரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் கிமுரா அம்மாள் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, மேசைக்கு அடியில் தள்ளினார். ஆட்டம் நின்றதும் மேட்டைக் காட்டி, ஏறு என்றார். நீங்கள் என்றேன். கணவர் துறைமுகத்தில் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். கடல் ஊருக்குள் நடந்து வந்ததை மேட்டிலிருந்து பார்த்தேன். அவர்கள் இருவரும் வரவில்லை. பிறகு அணு உலை வெடித்துவிட்டதென்று எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். முகமூடி போட்ட ஒருவர் ஒரு கருவியை என் உடம்பு முழுக்க ஓட்டிப் பார்த்து, "தைஜோபு" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். எது பரவாயில்லை என்று கேட்கத் தெம்பில்லை.

அந்த வாரமே சென்னைக்கு ஓடி வந்தவனை அக்கா இதே வாசற்படியில் நிறுத்தினாள். "நேரா போய்த் தலைக்கு ஊத்திண்டு வா. துணியை நனைச்சுப் போடு." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னிடமிருந்து கதிர்வீச்சு யாருக்கும் ஒட்டாது, கருவி வைத்துப் பார்த்தாகிவிட்டது என்று நின்ற இடத்திலேயே ஒரு சொற்பொழிவு. முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் யார் கண்டா? அத்தனை பேர் போயிருக்கா. நீ அங்கேர்ந்து வரே. தீட்டு உண்டா, இல்லியா? நான் காத்தாலயே குளிச்சாச்சு."

பெயர்கூடச் சொல்லத் தெரியாத ஓர் ஊருக்காக அவள் ஸ்நானம் பண்ணியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஜப்பானிலேயே வேறு ஊரில் வாடகைக்கு இருந்தேன். இப்போது அந்தப் பழைய ஊருக்குத் திரும்பலாம் என்று அறிவித்துவிட்டார்கள். என் வீடு நிற்கிறது. இங்கே அத்திம்பேர் காலமானபின் தனியாக இருக்கும் அக்கா, எதிர் ஃப்ளாட்டை எனக்காகப் பேசி வைத்திருக்கிறாள். இந்தப் பயணத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். அங்கே ஓடினேன், இங்கே ஒளிகிறேன். எந்த ஊர் ஆடினாலும் நான் இன்னொரு ஊர்க்காரன். மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே, போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"அங்க யார் இருக்கா ஒனக்கு?"

"யாருமில்லக்கா. அந்தக் கிமுரா மாமி வாசல்ல புல் மண்டிக் கெடக்காம். அதையாவது பிடுங்கணும்."

அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். ரசத்தைக் கொதிக்கவிட்டு இறக்கி, என் தட்டில் ஊற்றினாள்.

"போ. ஆனா இனிமே அங்க ஆடித்துன்னா மொதல்ல எனக்கு ஃபோன் பண்ணு. போன தடவை மாடியாத்து மாமி டி.வி.யைப் பாத்துட்டு வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. மானமே போச்சு."