என் காலடியை அளந்தவர்

இன்று காலை பாலாவி வீதியில் நடந்தேன். இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு தனியாக நடக்க வந்த முதல் நாள்.

பின்னால் ஓடிவந்த ஒருவர் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். முன்பின் தெரியாதவர்.

"தங்கச்சி, காலடி கட்டையா இரிக்கி. இப்படி நடந்தா உடம்புக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. காலடியை வெச்சே இது எல்லாத்தையும் சொல்லிரும்" என்று தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

எனக்கு மூச்சு வாங்கியது. நின்றுதான் பதில் சொன்னேன்.

"நெஞ்சைத் திறந்து தெச்சிரிக்கி நானா. இதுதான் எனக்கு ஓட்டம்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்ப வீட்டுல இரிக்கலாமே" என்றார்.

"டொக்டர்தான் என்னை நடக்கச் சொன்ன. பொம்புளைகள்ட காலைப் பாத்துக்கிட்டு வர உங்களுக்கு யார் சொன்ன?"

அவர் முகம் கறுத்தது. வேகத்தைக் கூட்டி ஓடிவிட்டார்.

நாளையும் அதே வீதியில்தான் நடப்பேன். ஆலோசனை சொல்ல வேறு யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கீழேயே சொல்லிவிடுங்கள். வீதியில் நின்று பதில் சொல்ல எனக்கு மூச்சுப் போதாது.