சீர்த்தட்டில் கிராபிக்ஸ் கார்டு

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வேனின் பின்கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வாழைப்பழத் தாருக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவே எவர்சில்வர் தாம்பாளத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு. அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கார்டை வெளியே எடுத்திருந்தார்கள். அதன் மூன்று விசிறிகளுக்கும் நடுவில் குங்குமப் பொட்டு. சுற்றிலும் கதம்பச் சரம். ஈரம் படக்கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் சந்தனம் தாம்பாளத்தின் விளிம்போடு நின்றுவிட்டது.

அன்று திருமலைராயன்பட்டினத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. வேனில் வந்தவர் என் மனைவியின் அண்ணன். திருநள்ளாறு பக்கம் நெல் விவசாயம், வாடகைக்கு விட இரண்டு டிராக்டர். தங்கை வீடு கட்டினால் பிறந்த வீட்டிலிருந்து சீர் வர வேண்டும். அந்தச் சீர் தெருமுனையில் இறங்கி நடந்து வர வேண்டும், பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும். மற்ற தட்டுகளைப் பெண்களிடம் கொடுத்த மச்சான், இந்த ஒன்றை மட்டும் தானே தூக்கிவந்தார்.

ஹோமத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன சாமான்?"

"கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுறதுங்க சாமி. படம் காட்டும்."

"அப்ப டிவி மாதிரி. தென்கிழக்குல மட்டும் வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் நெய்யை ஊற்றினார்.

என் மனைவி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குத் தேவைப்பட்டது அதுவல்ல. அது அந்தக் கூடத்தில் எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

அவள் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். எங்கள் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். கல்லூரி நாட்களில் பையன் எதில் பொழுதைத் தொலைத்தான் என்று பார்ப்பதற்காக அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தாள். அதன்பின் மூடவில்லை.

அது ஒரு நாட்டை ஆளும் விளையாட்டு. ஊர் அமைக்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், வணிகம் செய்ய வேண்டும், பக்கத்து நாடுகளோடு ஒப்பந்தம் போட வேண்டும். நம் உத்தரவுகளையெல்லாம் கொடுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டர் நடத்தும் மற்ற பதினோரு அரசர்களும் ஒருவர் பின் ஒருவராக யோசித்துத் தங்கள் காரியங்களைச் செய்வார்கள். பிறகு மறுபடி நம் முறை. படையெடுத்தும் ஜெயிக்கலாம். வணிகத்தாலும் திருவிழாக்களாலும் கோயில் கோபுரங்களாலும் எல்லா நாடுகளின் மனதையும் கவர்ந்தும் ஜெயிக்கலாம். இரண்டாவது வழி மிக நீண்டது. அவள் எடுத்துக்கொண்டது இரண்டாவது.

"ஒரு சண்டகூட போடாம ஜெயிச்சுக் காட்டுறேன்," என்று மகனிடம் போனில் சொன்னாள்.

"முடியாதும்மா. யாராலயும் முடியாது. நடுவுல ஒருத்தனையாவது அடிச்சே ஆவணும்."

"எங்க ஆபீஸ்ல இத்தன வருஷமா ஒருத்தருக்கு மெமோ குடுத்திருப்பேனா?"

"அது ஆபீஸு. இது கேமு."

"எல்லாம் ஒண்ணுதான்டா," என்றாள். பந்தயம் அன்று தொடங்கியது.

முதலில் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. அரசர்களுக்கு ஆளுக்கு ஓர் ஊர், அதில் நாலு வில்லாளிகள். நாள் போகப்போக அவர்களும் ஊர்களைப் பெருக்கினார்கள், கப்பல் கட்டினார்கள். கிழக்கே இருந்த பாலைநில ராணி ஒட்டகங்களை வளர்த்தாள். என் மனைவியின் நாட்டில் வெள்ளம் வந்தபோது கேட்காமலே தானியம் அனுப்பியவள் அவள். இருவருக்கும் நிரந்தர நட்பு ஒப்பந்தம் இருந்தது. அவளுடைய வணிக ஒட்டகங்கள் வரைபடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் என் மனைவி பொத்தானை அழுத்தினால் அடுத்த முறை வருவதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் உலை வைப்பாள். அவரைக்காய் நறுக்குவாள். ஒரு மாலைக்கு மூன்று முறை ஆடினால் பெரிய விஷயம். அந்த வேகத்தில் போனால் அவள் பணி ஓய்வு பெற்ற பிறகும் கோபுரம் முடியாது.

காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் அவளுக்கு விஷயத்தை விளக்கினார். கம்ப்யூட்டரில் யோசிப்பது பிராசசர், படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. துப்பாக்கி விளையாட்டுகளுக்குக் கார்டுதான் முக்கியம். இந்த மாதிரி விளையாட்டில் அத்தனை ஒட்டகமும் எந்த வழியாகப் போவது என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியது பிராசசர். உங்களுடையது பழசு, அதை மாற்றினால் போதும் என்றார்.

நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு உடனே புரிந்தது. செய்தி திருத்த ஒரே ஓர் உதவி ஆசிரியர். அவர் மேசையில் மூட்டை மூட்டையாகச் செய்தி. இந்த நேரத்தில் பக்கங்களுக்குப் படம் வரைய மிகத் திறமையான ஓவியர் ஒருவரை வேலைக்கு எடுத்தால், பத்திரிகை சீக்கிரம் அச்சுக்குப் போகாது. ஓவியர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"தங்கச்சி, வீட்டுக்கு என்னா வேணும், வாய் தெறந்து சொல்லு. பீரோவா, கட்டிலா?" என்று மச்சான் கேட்டபோது, "பிராசசர்ண்ணே" என்று அவள் சொன்னது இதனால்தான். மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பிராசசரை மச்சானின் உள்ளங்கையில் வைத்தார்.

மச்சான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதாண்ணே. இதுக்கேத்த போர்டும் மெமரியும் மாத்தணும்."

"தட்டுல வச்சா பக்கத்துல இருக்குற வெத்தல மூடிடுமேய்யா. சரி, மாட்டுனப்புறமாவது தெரியுமா?"

"தெரியாதுண்ணே. மேல ஃபேன் ஒக்காந்துடும்."

"அப்ப நான்தான் குடுத்தேன்னு எவனுக்குத் தெரியும்? போன வருஷம் என் மச்சினன் அவன் தங்கச்சிக்கு வாஷிங் மெஷினு குடுத்தான். நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க." கண்ணாடி அலமாரி பக்கம் திரும்பினார். "அது என்னா, மூணு காத்தாடியோட, லைட்டெல்லாம் எரியுது?"

"அது கிராபிக்ஸ் கார்டுண்ணே. ஆனா அக்கா வெளயாடுறதுக்கு அது வேலைக்கே..."

"இதுலயே பெருசு எது?"

கடைக்காரர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். நாலு பேர் முன்னால் அண்ணன் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. "எது குடுத்தாலும் சந்தோஷம்ண்ணே," என்றாள்.

விழா முடிந்த மறுவாரம் கார்டைப் பொருத்தினார்கள். அதன் மின்பசிக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது என்று அதையும் மாற்றினார்கள். கார்டின் நீளத்துக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை, கழற்றி வைத்துவிட்டார்கள். கனத்தில் ஒரு பக்கம் தொங்கியதற்குச் சீர்த்தட்டில் வந்த விரலி மஞ்சள் ஒன்று முட்டுக் கொடுக்கப்பட்டது. பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். முன்பு ஒன்பது நிமிடம். இப்போதும் ஒன்பது நிமிடம். ஒரு வித்தியாசம் இருந்தது. முன்பு காத்திருக்கும்போது கடல் வெறும் நீலமாகத் தெரியும். இப்போது அலை அடித்தது, நுரை வந்தது, நீருக்கடியில் மீன் திரும்பியது.

அடுத்த ஞாயிறு மச்சான் பட்டினச்சேரியில் வாங்கிய மீனோடு வந்து சேர்ந்தார்.

"எப்டி ஓடுது நம்ம சீரு?"

"பாருங்கண்ணே, தண்ணிக்குள்ள மீனு தெரியுது."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏயப்பா! காரைக்கால்மேட்டுக் கடல்லகூட தண்ணி இவ்ளோ நீலமா இருக்காது. மாப்ள, பாத்தீங்களா?"

அவள் பொத்தானை அழுத்தினாள். மூலையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னா நின்னுடுச்சு?"

"யோசிக்குதுண்ணே. பதினோரு ராஜா இருக்காங்க. ஒவ்வொருத்தரா முடிவு எடுக்கணும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். மச்சான் தலையை ஆட்டினார்.

"பதினோரு பேருன்னா ஆவத்தான் செய்யும். எங்க பாசன சங்கத்துல ஏழே பேரு. மதகு எப்ப தெறக்கிறதுன்னு பேசுறதுக்குள்ள பொழுது சாஞ்சுடுது. இதுங்க பரவால்ல."

ஒன்பது நிமிடமும் மீனைப் பார்த்தபடி மகிழ்ச்சியாக உட்கார்ந்திருந்தார்.

பிராசசரை நாமே வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "எங்க அண்ணன் குடுத்தது பத்தலன்னு நீங்க வாங்கிப் போட்டீங்கன்னு ஆவும். அந்தக் கடைக்காரரு வாய வச்சுக்கிட்டு சும்மா இருப்பாருன்னு நெனக்கிறீங்களா?"

அதே கடைக்காரர்தான் மாற்று வழியும் சொன்னார். "ராஜாவக் கொறைங்கக்கா. யோசிக்கிற ஆளு கொறஞ்சா தானா வேகம் வரும். மொதல்ல அந்த ஒட்டகக்காரி."

"அவ என் ஃப்ரெண்டுங்க," என்றாள் அவள்.

கார்த்திகை முழுவதும் அவள் யாரையும் தொடவில்லை. வடக்கே இரண்டு அரசர்கள் தாங்களே அடித்துக்கொண்டு ஒருவன் செத்தபோது ஒரு நிமிடம் குறைந்தது. அன்று அவள் துக்கப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் ராணியின் ஒட்டகங்கள் பெருகி, அந்த ஒரு நிமிடத்தை மார்கழிக்குள் திருப்பி எடுத்துக்கொண்டன.

பொங்கல் சீராகக் கரும்பு, மஞ்சள் கொத்து, பானையோடு ஒரு மானிட்டரும் வந்தது. மேசையின் இரண்டு ஓரத்தையும் அது தொட்டது. "மீனு சின்னதா தெரிஞ்சுது தங்கச்சி. அதான்," என்றார் மச்சான். புதுத் திரையின் நுணுக்கத்துக்குக் கார்டு இப்போதுதான் தகுந்த வேலை பார்ப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அது உண்மைதான். விசிறிகள் முதல்முறையாக வேகமாகச் சுற்றின. ஒன்பது நிமிடம் அப்படியே இருந்தது.

மாசி மாதம், அறுவடை முடிந்து புது அரிசி மூட்டையோடு மச்சான் வந்தார். ஞாயிறு மதியம், சாப்பாடு ஆகிவிட்டது. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை முகத்தில் பழைய மகிழ்ச்சி இல்லை.

"எப்ப வந்தாலும் மீனுதானா?"

"கோபுரம் கட்டிக்கிட்டிருக்கேண்ணே."

"கட்டு, வேணாங்கல. கடைக்காரன் என்னா சொன்னான் தெரியுமா? இந்தக் கார்டுல நெருப்பு எரிஞ்சா அனல் அடிக்கிற மாதிரி இருக்குமாம். பொகை தனியா, பொறி தனியா தெரியுமாம். அவ்ளோ பெருசு வாங்கிக் குடுத்து, நீ தண்ணியையே காட்டுற. ஒருநாளாவது எதாச்சும் எரியுதா?"

"சண்ட போட்டாத்தாண்ணே எரியும்."

"போடேன். யாரு கேக்கப்போறா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வட்டம் சுற்றிக்கொண்டிருந்த மூலையைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் கழித்து அது நின்றது. நின்றதும் அவள் வரைபடத்தைக் கிழக்கே நகர்த்தினாள். வெள்ளத்துக்குத் தானியம் அனுப்பியவளின் தலைநகரம் கடற்கரையை ஒட்டியே இருந்தது. என் மனைவியின் கப்பல்கள் காவலுக்கென்று அங்கே வெகுநாளாக நின்றிருந்தன. அவற்றுக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம் அது.

திரையில் ஒரு கேள்வி வந்தது: நிரந்தர நண்பரைத் தாக்கப் போகிறீர்கள், உறுதியா?

"என்னா கேக்குது?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா." அழுத்தினாள்.

நெருப்பு கடைக்காரர் சொன்னபடியே இருந்தது. புகை தனியாகவும் பொறி தனியாகவும் தெரிந்தது. கோட்டைச் சுவர் சரியும்போது அதன் நிழல் கடலில் விழுந்தது. மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யய்யோ! ஏ தங்கச்சி! அந்த ஓலைக் கூரையப் பாரு, நெசமாவே எரியுது. மாப்ள, உங்க போன் எங்க? வீடியோ போடுங்க, ஓசூர்ல பயலும் பாக்கட்டும்."

நான் மகனைக் கூப்பிட்டுப் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன்.

"யாரும்மா அது? ராணியா?" என்றான் மகன்.

அவள் அடுத்த கப்பலை நகர்த்தினாள்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல?"

"பேசாம பாருடா," என்றார் மச்சான். "மாமா வாங்கிக் குடுத்த கார்டு."

தலைநகரம் விழுந்ததும் ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து மறைந்தன. அவள் தானியக் கிடங்குகளை மட்டும் இடிக்காமல் விடச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த முறை நான்கு நிமிடத்தில் வந்தது.